ஷீட் மாஸ்க் எண்டது காசு குடுத்து வாங்கிற ஈரத்துணியோ?

கொக்குவில் வாசகி ஒருத்தியின் கேள்வி, 2025 ஜனவரி 6

மாசி மாதம் டொரன்டோவுக்கு அக்கா வீட்டை போறன். எனக்கு இஞ்சையே வாடைக்காத்துக்கு முகம் வெடிக்கும். பிளேனுக்குள்ளயும் அங்கத்தைக் குளிருக்குள்ளயும் என்ன கோலமாகுமோ தெரியேல்லை. கொரியன் ஷீட் மாஸ்க், அந்த முகத்தில ஒட்டுற ஊறின துணி, வாங்கிக்கொண்டு போய்ப் பயணத்தில போடச் சொல்லி எல்லாரும் சொல்லீனம். உண்மையாப் பாவிச்ச ஆக்கள் ஆரும் இருக்கிறியளோ? விளம்பரம் வேண்டாம், அனுபவம் வேணும்.

ஜனவரி 6, இரவு, என்ர பதில்

ஈரத்துணி. ஒரு சோத்துப் பார்சல் காசுக்கு ஒரு ஈரத்துணி. கிணத்தடியில லேஞ்சியை நனைச்சு முகத்தில போடுங்கோ, ரெண்டும் ஒண்டுதான்.

ஜனவரி 7

நேற்று எழுதினதுக்கு நாலு பேர் பேசிப்போட்டினம். "போட்டுப் பாத்தனீரோ?" எண்டு ஒருத்தர் கேட்டிருக்கிறார். இல்லை, போடேல்லை.

ஆனா வறண்ட முகம் எனக்குப் புதுசில்லை. நான் ஹயர் வான் ஓடுறவன், இருவது வருசமாகப் போகுது. மார்கழி, தை எண்டால் வெளிநாட்டுச் சனம் வந்து இறங்கும். விடியக் காலமை நாலு மணிக்கு யாழ்ப்பாணத்தில வெளிக்கிட்டால் முறிகண்டியில கற்பூரமும் கச்சானும், வவுனியாவில தேத்தண்ணி, பிறகு தம்புள்ள, கண்டி, நுவரெலியா. குளிர் நாட்டில இருந்து வந்த சனத்துக்கு எங்கட வெக்கை தாங்காது, ஏசியைக் குறைக்க விடாயினம். அந்தக் காத்து பத்து மணித்தியாலம் நேரே என்ர முகத்துக்கு அடிக்கும். பின்னேரம் சிரிச்சால் கன்னம் இழுபடும். மூக்கடியில மா அப்பின மாதிரிச் செதில். தேங்காயெண்ணெய் பூசச் சொல்லி மனுசி சொல்லுவா. பூசினால் தூசி ஒட்டும், கை பட்டு ஸ்டியரிங் வழுக்கும். அதால ஒண்டும் பூசாமலே காலம் போச்சு.

டொரன்டோவில இருந்து வந்த அண்ணற்ர மகள் திரும்பிப் போகேக்க ஒரு பெட்டி மாஸ்க் மனுசிக்கெண்டு வைச்சிட்டுப் போனவள். ஆறு இருக்கு. மனுசி தொடவும் இல்லை. நானே ஒண்டைப் போட்டுப் பாத்திட்டு வந்து எழுதுறன்.

ஜனவரி 9

போட்டன். எரிஞ்சுது.

பைக்கற்றைக் கிழிச்சால் உள்ளுக்கு மடிச்ச வெள்ளைத் துணி, முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழுவழுப்பான தண்ணிக்குள்ள ஊறிக் கிடக்குது. விரிக்கிறதே ஒரு வித்தை. கண்ணுக்கு ரெண்டு ஓட்டை, வாய்க்கு ஒண்டு, மூக்குக்கு ஒரு வெட்டு. ஆற்ற முகத்துக்கு அளந்து வெட்டினவையோ தெரியாது, எனக்கு நாடிக்குக் காணாது. மீசைக்கு மேல துணி கூரை போட்ட மாதிரி நிக்குது, அடியில தோலில படவேயில்லை. தாடி மீசை வைச்ச ஆம்பிளையளுக்கு அரைவாசி மாஸ்க் மயிருக்குத்தான் போகும், தோலுக்கு இல்லை.

ரெண்டாம் நிமிசத்தில கன்னம் ரெண்டும் பச்சைமிளகாய் தேய்ச்ச மாதிரி. அஞ்சாம் நிமிசத்தில கழட்டிக் கிணத்தடிக்கு ஓடினன். இதுதான் அனுபவம், தங்கச்சி. கொண்டு போகாதேங்கோ.

ஜனவரி 9, பத்து மணிக்குப் பிறகு

மேல எழுதினதில பாதி பிழை. அண்ணற்ர மகளுக்குக் குரல் பதிவு அனுப்பினன். "சித்தப்பா, ஷேவ் எடுத்த கையோட போட்டனீங்களோ?" எண்டு முதல் கேள்வியே கேட்டாள். ஓம், அப்பதான் எடுத்து முடிச்சிருந்தன், முகம் சுத்தமா இருக்கட்டுமெண்டு. பிளேட் போன இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத கீறல். அதுக்கு மேல வாசனைத் திரவியம் சேர்த்த தண்ணியை ஊத்தினால் எரியாமல் என்ன செய்யும்?

முதல்ல முழங்கையின்ர உள்பக்கத்தில கொஞ்சம் தடவி ஒரு நாள் விட்டுப் பாக்கவேணுமாம். அதையும் செய்யேல்லை. வெடிச்சு ரத்தம் கசியிற தோலெண்டால் மாஸ்க்கே வேண்டாம், தோல் வைத்தியரிட்டைக் காட்டுறதுதான் சரி.

ஜனவரி 11

வீட்டில சண்டை. மிச்ச அஞ்சையும் எடுத்துத் திகதி பாத்திருக்கிறா மனுசி. பைக்கற் விளிம்பில மையில்லாமல் அமத்தின எழுத்து, 26.03.11. "2011 பங்குனி 26இல முடிஞ்ச சாமானை உங்கட பெறாமகள் எங்கட தலையில கட்டிப்போட்டுப் போயிட்டாள், அதுதான் உங்களுக்கு எரிஞ்சது" எண்டு ரெண்டைக் குப்பையோட சேர்த்துப் பின்வளவில கொளுத்தியாச்சு. மூண்டை நான் பறிச்சுப்போட்டன்.

கொரியாக்காரர் திகதியைப் பின்னால இருந்து எழுதுவினம்: முதல்ல வருசம், பிறகு மாசம், கடைசியா நாள். 2026 பங்குனி 11 வரைக்கும் பாவிக்கலாம். இருவதெண்ட முதல் ரெண்டு எண்ணும் வடிவா அமத்துப்படேல்லை, அவ்வளவுதான். திகதிக்குப் பின்னால 'காஜி' எண்டு வாசிக்கிற ரெண்டு எழுத்து இருந்தால் அந்த நாள் வரைக்கும் எண்டு அர்த்தம். 'ஜேஜோ' எண்டிருந்தால் அது செய்த திகதி. அந்த ரெண்டையும் மாறி விளங்கி நல்ல சாமானை எறிஞ்ச ஆக்கள் எங்கட வீட்டில மட்டும் இருக்க மாட்டினம்.

எரிஞ்ச பிளாஸ்ரிக் மணம் மூண்டு வீட்டுக்கு. அந்தப் பைக்கற் உள்ளுக்கு அலுமினியம் ஒட்டினது, கொளுத்திற சாமான் இல்லை.

ஜனவரி 12

பைக்கற்றில ஒரு இலை போட்டிருக்குது. எங்கேயோ கண்ட இலையா இருக்குதே எண்டு அம்மாவுக்குக் காட்டினன். கண்ணாடி போடாமலே சொன்னா, "வல்லாரை."

வல்லாரையேதான். 'சிக்கா' எண்டு கொரியன் சாமானில எல்லாம் பெரிசாப் போடுறது அதைத்தான். லத்தீன் பேர் சென்டெல்லா ஏசியாட்டிக்கா. எங்கட யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில கட்டுக் கட்டா வைச்சு விக்கிற, நாங்கள் சின்ன வெங்காயமும் தேங்காய்ப்பூவும் போட்டுச் சம்பல் போடுற அதே இலை. காயம் ஆத்திற குணத்துக்காகச் சேர்க்கினம். அதின்ர சத்தைப் பிரிச்செடுத்து அதுக்கு ஏசியாட்டிக்கோசைட், மடிக்காசோசைட் எண்டு தனித்தனிப் பேரும் இருக்குது.

"அப்ப அரைச்சுப் பூசினால் காணுமே, ஏன் உந்தக் காசு?" எண்டா அம்மா. நல்ல கேள்விதான். ஆனா அரைச்ச பச்சிலை வேறை, அளந்து வடிச்ச சாறு வேறை. பச்சையா அப்பிப்போட்டுச் சொறிஞ்சுகொண்டு வந்து என்னைப் பேசாதேங்கோ.

பிறகு பட்டியலை முழுக்க மருமகன் பொடியனைக் கொண்டு வாசிப்பிச்சன். சேர்மானம் கூடினது முதல்ல, குறைஞ்சது பின்னால எண்டுதான் எழுதவேணுமாம். முதல்ல தண்ணி. ரெண்டாவது கிளிசரின். எங்கட பார்மசிகளில சின்னப் போத்திலில விக்கிற அதே கிளிசரின்! தோலில ஈரம் பிடிக்கச் சேர்க்கிற ஹயலூரோனிக் அமிலமும் வல்லாரையும் அதுகளுக்கு எவ்வளவோ கீழ. வாசனை கடைசிக்குக் கிட்ட. நான் முதல் நாள் சொன்ன "ஈரத்துணி" அவ்வளவு தூரப் பிழையில்லைப் போல.

ஜனவரி 18, நுவரெலியா

பொங்கல் முடிஞ்ச கையோட ஹயர். லண்டன் குடும்பம், எட்டுப் பேர். இஞ்சை 1868 மீற்றர் உயரம். விடியப்புறம் புல்லில பனி உறைஞ்சு உப்புத் தூவின மாதிரி இருக்குது, ஆனையிறவு உப்பளம் ஞாபகம் வந்துது. அவை ஹோட்டலில, நான் பின்பக்கத்து டிரைவர் அறையில. நாலு கட்டில், நாலு டிரைவர்மார், ஒரு வாளி சுடுதண்ணி.

நேற்றிரவு ரெண்டாவது மாஸ்க்கைப் போட்டன். ஷேவ் இல்லை, முகம் கழுவித் துடைச்சு, ஈரம் கொஞ்சம் இருக்கேக்க போட்டது. எரியேல்லை. குளிர்ந்து சுகமா இருந்துது. மாத்தறைக்காரப் பெரியவர் ஒருத்தர் கட்டிலில இருந்து பாத்துக்கொண்டே இருந்தார். நான் வெறும் பைக்கற்றை எறியப் போகேக்க கையைப் பிடிச்சிட்டார். உள்ளுக்கு இன்னும் ரெண்டு தேக்கரண்டி தண்ணி கிடந்தது. ஒரு பைக்கற்றில 20, 25 மில்லி லீற்றர் ஊத்தியிருப்பினம், துணி அவ்வளவையும் குடிக்காது. அவர் அதைக் குதிக்கால் வெடிப்புக்குள்ள விட்டுத் தேய்ச்சு, மேல காலுறையைப் போட்டுக்கொண்டு படுத்திட்டார்.

காலமை அவற்ர குதி என்ர முகத்தை விட நல்லா இருந்துது. பகிடியில்லை. எனக்கு விடிய எழும்பேக்க முகம் பப்படம்.

ஜனவரி 19

ஏன் பப்படம் எண்டு விளங்கீற்றுது. மாஸ்க்கோட நித்திரையாப் போனன். பைக்கற்றில பதினைஞ்சு, இருவது நிமிசம் எண்டு போட்டிருக்குது. நான் நாலு மணித்தியாலம். கூட நேரம் வைச்சால் கூட ஊறும் எண்டு நினைச்சது என்ர முட்டாள்தனம். துணி காய வெளிக்கிட்டால் தோலில இருக்கிற ஈரமும் அதோட சேர்ந்து போகத் தொடங்கீரும். துணி இன்னும் ஈரமா இருக்கேக்கயே கழட்டவேணும்.

பெரியவர் அறியாமலே சரியாச் செய்திருக்கிறார். ஈரத்தைக் குடுத்து மேல மூடினார், காலுறையால.

ஜனவரி 22, யாழ்ப்பாணம்

திரும்பி வாறதுக்கு முதல் ஒரு சோதினை செய்தன். விடியப்புறம் மூண்டாவது மாஸ்க், கைக்கடியாரம் பாத்துப் பதினைஞ்சு நிமிசம். கழட்டினவுடன இடப்பக்கக் கன்னத்தில மட்டும் வாஸ்லின், குண்டுமணியளவு, கையில உருக்கி மெல்லிசா. வலப்பக்கம் சும்மா. கழுவேல்லை (முதல் தரம் கழுவினது எரிவுக்கு, வழமையாக் கழுவத் தேவையில்லை).

கண்டி மட்டும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. தம்புள்ளையில வலப்பக்கம் இழுபடத் தொடங்கீற்றுது. வவுனியாவில இடப்பக்கம் இன்னும் பதமா இருக்குது, வலப்பக்கம் பழைய கோலம். அதாவது மாஸ்க் மட்டும் போட்டால் நாலைஞ்சு மணித்தியாலம். மேல மூடினால் நாள் முழுக்க.

கிளிசரினும் ஹயலூரோனிக்கும் தண்ணியைப் பிடிச்சு வைச்சிருக்கிற சாமான்கள். ஆனா ஏசிக்காத்து மாதிரி வறண்ட காத்துக்கு முன்னால அதுகளால தனியத் தாக்குப்பிடிக்க ஏலாது. எண்ணெய்ப்பிடிப்பான ஏதோ ஒண்டு கதவைச் சாத்தவேணும்.

ஜனவரி 23

நெல்லியடி வாசகர் ஒருத்தர் பிடிச்சிட்டார். எங்கட நாட்டில டிரைவர் வலப்பக்கம் இருக்கிறவன், வலக் கன்னத்துக்குக் கண்ணாடியால வெயில் அடிக்கும், ஏசித் துவாரமும் அந்தப் பக்கம் ஒண்டு இருக்குது, உங்கட சோதினை செல்லாது எண்டு எழுதியிருக்கிறார்.

செல்லாதுதான். ஒத்துக்கொள்ளுறன். கணக்கு வாத்தியார் போல.

ஜனவரி 27

வேற ஒண்டு மண்டைக்குள்ள ஓடிக்கொண்டே இருக்குது. நுவரெலியாவில சவுக்காரம் போட்டால் நுரை பொங்கும், கழுவக் கழுவ வழுக்கும். இஞ்சை எங்கட கிணத்துத் தண்ணியில எவ்வளவு தேய்ச்சாலும் நுரை வராது, பால் திரைஞ்ச மாதிரி ஒரு அழுக்கு வாளி விளிம்பில நிக்கும். மலைநாட்டில கருங்கல்லு மாதிரிக் கடும்பாறை, அதில ஓடுற தண்ணி மென்மை. யாழ்ப்பாணம் முழுக்கச் சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணி அதுக்குள்ளால இறங்கிக் கல்லைக் கரைச்சுக்கொண்டுதான் கிணத்துக்கு வருது. கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியிறது அதுதான். சவுக்காரமும் அந்தச் சுண்ணாம்பும் சேர்ந்த பசைதான் வாளி விளிம்பில நிக்கிறது, அதேதான் முகத்திலயும் நிக்கும். சவுக்காரமே காரம், தோலின்ர எண்ணெய்ப்பிடிப்பை உரிச்செடுத்திடும்.

நான் உடுப்புத் தோய்க்கிற கட்டிச் சவுக்காரத்தாலதான் இருவது வருசமா முகம் கழுவினனான். எழுத வெக்கமாக் கிடக்குது. இப்ப பத்து நாளா முகத்துக்குச் சவுக்காரம் இல்லை, அம்மா சொன்ன பயத்தம் மா மட்டும். மூக்கடிச் செதில் அரைவாசி போயிட்டுது, ஒரு மாஸ்க்கும் இல்லாமல்.

பெப்ரவரி 2

கணக்கு வாத்தியாருக்காக ரெண்டாம் சோதினை. கொழும்பு ஹயர். இந்த முறை வாஸ்லின் வலப்பக்கம், வெயிலும் காத்தும் அடிக்கிற பக்கம். மாஸ்க் போடேல்லை. லேஞ்சியை வடிகட்டின போத்தில் தண்ணியில நனைச்சுப் பத்து நிமிசம், எடுத்தவுடன வாஸ்லின். இடப்பக்கம் லேஞ்சி மட்டும்.

புத்தளம் தாண்ட முதலே இடப்பக்கம் காய்ஞ்சிட்டுது. வலப்பக்கம் கொழும்பு மட்டும் தாங்கீற்றுது. மாஸ்க்குக்குப் பிறகு இருந்த அந்த மினுமினுப்பு இல்லை, தொட்டால் அவ்வளவு மிருதுவும் இல்லை. ஆனா இழுபடேல்லை, செதில் இல்லை. மாஸ்க் தந்ததில முக்காவாசியை லேஞ்சியும் வாஸ்லினும் தந்திட்டுது. மிச்சக் கால்வாசிக்குத்தான் சோத்துப் பார்சல் காசு.

ஏசித் துவாரத்தை முகத்தில படாமல் மேல திருப்பி விட்டதையும் சொல்லவேணும். இருவது வருசத்தில இப்பதான் திருப்பினன். (வாத்தியார், இதுவும் சோதினையைக் கெடுக்கும், தெரியும். ரெண்டு கன்னத்துக்கும் சேர்த்துத்தான் திருப்பினன், விடுங்கோ.)

பெப்ரவரி 4

கொக்குவில் தங்கச்சிக்கு நேரடியாப் பதில், வெளிக்கிடுற நாள் கிட்டுதெல்லே.

பிளேனுக்குள்ள காத்தில ஈரம் இருவது வீதத்துக்கும் குறைவு, எங்கட வாடைக்காத்து அதுக்குப் பக்கத்தில நிக்க ஏலாது. அங்க மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு இருந்தால் அது உங்கட முகத்திலயே விறுக்கெண்டு காய்ஞ்சிடும். அதால பயண நாளுக்கு முதல் நாள் இரவு வீட்டில போடுங்கோ, பதினைஞ்சு நிமிசம், கழட்டின ஒண்டு ரெண்டு நிமிசத்துக்குள்ள கிரீம். பிளேனுக்குள்ள மாஸ்க் வேண்டாம், கட்டியான கிரீம் ஒரு சின்ன டப்பாவில காணும். கைப்பையில 100 மில்லிக்கு மேற்பட்ட போத்தில் விடாயினம். மாஸ்க்கையும் தண்ணிச் சாமானாத்தான் கணக்கெடுப்பினம், அதால பெரிய பெட்டியில போட்டு விடுங்கோ.

அங்க வீட்டுக்குள்ள ஹீற்றர் காத்தும் வறட்சிதான். போய்ச் சேர்ந்த இரவு ஒண்டு போடலாம். கொதிக்கிற சுடுதண்ணியில முகம் கழுவாதேங்கோ, குளிருக்கு ஆசையாத்தான் இருக்கும். வாசனை இல்லாததாப் பாத்து வாங்குங்கோ. ஆறு வேண்டாம், ரெண்டு காணும்.

மாஸ்க் துணி எதால செய்தது எண்டு ஆரோ கேட்டிருந்தியள். எங்கடது மரக்கூழில செய்த நார். பயோ செல்லுலோஸ் எண்டு விலை கூடின சாதி ஒண்டிருக்குது. அது தேங்காய்த் தண்ணியைப் புளிக்க வைச்சு பக்டீரியாவைக் கொண்டு வளர்க்கிற ஆடை, முகத்தில நல்லா ஒட்டுமாம். நாங்கள் தேங்காயை உடைச்சுத் தண்ணியைக் குசினிப் பீலிக்குள்ள ஊத்திற சனம்.

பெப்ரவரி 5

நத்தைச் சளி மாஸ்க்கை வெள்ளிக்கிழமை போடலாமோ எண்டு கேட்டவருக்கு: வாய்க்குத்தான் விரதம், கன்னத்துக்கு இல்லை. ஆனா வீட்டில அம்மா இருந்தால் பைக்கற்றை ஒளிச்சு வையுங்கோ, அதில நத்தைப் படம் இருக்கும்.

பெப்ரவரி 20

கடைசி மாஸ்க்கை வான் டாஷ்போர்ட்டுப் பெட்டிக்குள்ள வைச்சிட்டு மறந்து போனன். நேற்று மத்தியானம் கிளிநொச்சியில திறந்தால் பைக்கற் கை வைக்க ஏலாத சூடு, பலூன் மாதிரி ஊதியிருக்குது. வெட்டிப் பாத்தன். தண்ணி மஞ்சளிச்சு, மணமும் மாறியிருந்துது. 2026 பங்குனி வரைக்கும் எண்ட திகதி நிழலில வைக்கிற வீட்டுக்குத்தான், என்ர வானுக்கு இல்லை. முகத்துக்குப் போடேல்லை. குதிக்காலுக்கும் போடேல்லை. மாத்தறைப் பெரியவர் நிண்டிருந்தால் பேசியிருப்பார்.

மனுசி இப்ப புதுசா ஒரு பெட்டி கேக்கிறா, "வாசம் இல்லாத சாதி" எண்டு விளக்கமும் சேர்த்து. அவ கொளுத்தின ரெண்டைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லேல்லை.

மார்ச் 3

தங்கச்சி டொரன்டோவில இருந்து எழுதியிருக்கிறா. பிளேனில கிரீம் மட்டும் பூசினவவாம், முகம் தப்பீற்றுது. அங்க போய் முதல் கிழமை நல்லா இருந்து, ரெண்டாம் கிழமை திரும்பவும் வெடிக்கத் தொடங்கீற்றுதாம், ரெண்டு மாஸ்க்கும் முடிஞ்சுதாம், இன்னும் வாங்கவோ எண்டு கேக்கிறா.

வாங்க முதல் ரெண்டு விசயம். முகம் என்னத்தால கழுவுறியள்? அக்கா வீட்டுக் கேத்திலைத் திறந்து அடியில வெள்ளை படிஞ்சிருக்குதோ எண்டும் ஒருக்காப் பாத்து எழுதுங்கோ.